தன்னுடல் தாக்கும் சிறுநீரக நோய் பிள்ளைகளுக்கு வருமா? ஆய்வுகூட விலங்குகள் தரும் விடை

திருகோணமலை மாவட்டத்தில் சிறுநீரக நோய் பற்றிய பேச்சு புதியதன்று. மாவட்டத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள பதவி சிறிபுர போன்ற விவசாயப் பகுதிகள், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட உலர் வலயப் பிரதேசங்களுள் நெடுங்காலமாகச் சேர்த்து எண்ணப்படுகின்றன. நகரத்திலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி ஆகிய இடங்களிலும் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் பலருடைய சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. இவற்றோடு, எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் இளம் பெண்களை அதிகமாகப் பிடிக்கின்ற லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கும் நோய்களால் சிறுநீரகம் பழுதடைந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

"சுண்டெலிகளில் சிறுநீரக நோய் அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படுகிறது" என்ற வகையிலான செய்தித் துணுக்குகள் கைபேசிகளில் பகிரப்படும்போது, இந்த மூன்று வகைக் குடும்பங்களும் ஒரே அச்சத்துக்கு உள்ளாகின்றன. தாய்க்கு இருந்தால் மகளுக்கு வருமா, அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்குச் சிறுநீரகம் பழுதாகுமா, அந்த வீட்டில் சம்பந்தம் செய்யலாமா என்ற கேள்விகள் எழுகின்றன. சில குடும்பங்கள் நோயையே மறைக்கத் தொடங்கிவிடுகின்றன. மறைப்பதால் பரிசோதனை தாமதமாகிறது. தாமதம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஆகவே ஆய்வுகூட விலங்குகளில் உண்மையில் என்ன காணப்பட்டது, அது மனிதருக்கு எந்த அளவுக்குப் பொருந்தும், நமது மாவட்டத்தின் நோய்களுக்கு எங்கே பொருந்தாது என்பவற்றை அடிப்படையிலிருந்து விளக்க வேண்டியுள்ளது.

சிறுநீரகத்தில் நடப்பது என்ன

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து இலட்சம் அளவான சிறுநீரகத்திகள் உள்ளன. ஒவ்வொரு சிறுநீரகத்தியின் தொடக்கத்திலும் கலன்கோளம் என்ற நுண்ணிய குருதிக்குழாய்த் திரள் இருக்கிறது. குருதி இங்கேதான் வடிகட்டப்படுகிறது. புரதமும் குருதிக் கலங்களும் உள்ளே தங்க, நீரும் கழிவுகளும் வெளியேறுகின்றன. வடிகட்டப்பட்ட திரவம் அதன்பின் நீண்ட சிறுகுழாய்களின் வழியே செல்லும்போது உடலுக்குத் தேவையானவை மீள உறிஞ்சப்படுகின்றன. கலன்கோளம், சிறுகுழாய் என்ற இந்த இரண்டு பகுதிகளின் வேறுபாட்டை வாசகர் மனத்தில் வைத்திருப்பது நல்லது. கட்டுரையின் இறுதிப் பகுதியில் திருகோணமலையைப் பற்றிப் பேசும்போது அது முக்கியமாகிறது.

நோயெதிர்ப்புத் தொகுதி கிருமிகளை எதிர்ப்பதற்காகப் பிறபொருளெதிரிகள் என்ற புரதங்களை உண்டாக்குகிறது. சொந்த உடலின் பொருள்களுக்கு எதிராகப் பிறபொருளெதிரி உண்டாக்கும் கலங்களைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடுகளும் அதற்குள்ளேயே உண்டு. அந்த ஏற்பாடுகள் தவறும்போது ஏற்படுவதே தன்னுடல் தாக்கும் நோய். லூபஸ் நோயில் டிஎன்ஏ உட்படக் கலக் கருவின் பொருள்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன. அவை தம் இலக்குப் பொருளுடன் இணைந்த கூட்டுகளாகக் கலன்கோளத்தில், மீன்வலையில் சேறு படிவதுபோல், படிகின்றன. படிந்த இடத்தில் அழற்சி உண்டாகி, வடிகட்டி ஓட்டையாகி, சிறுநீரில் புரதமும் குருதியும் கசிகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் கலன்கோளங்கள் தழும்பாக மாறிச் செயலிழக்கின்றன.

ஏன் சுண்டெலி

மனிதக் குடும்பம் ஒன்றில் தாய்க்கும் மகளுக்கும் ஒரே நோய் இருந்தால், அதற்குக் காரணம் மரபணுவா, கருப்பையா, ஒரே வீட்டுச் சாப்பாடா, ஒரே கிணற்று நீரா என்று பிரித்துச் சொல்வது மிகக் கடினம். ஆய்வுகூட விலங்கில் இவை ஒவ்வொன்றையும் தனியே மாற்றிப் பார்க்கலாம். உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் தொடர்ந்து 20 தலைமுறைகளுக்குக் குறையாமல் இணைத்து உருவாக்கப்படுவது உட்கலப்பு வர்க்கம் எனப்படுகிறது. இவ்வாறான ஒரு வர்க்கத்தின் விலங்குகள் யாவும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டவை. ஆகையால் ஒரு வர்க்கத்தில் நோய் தோன்றி, அதே கூட்டில் அதே உணவை உண்ணும் மற்றொரு வர்க்கத்தில் தோன்றவில்லை எனில், வேறுபாடு மரபணுவில் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். இந்த முறைக்கு உள்ள ஆற்றலும் குறையும் ஒரே இடத்திலிருந்தே வருகின்றன. 20 தலைமுறை உடன்பிறப்புக் கலப்பு எந்த மனிதச் சமூகத்திலும் நடப்பதில்லை. அதனால், சுண்டெலியில் தெளிவாகத் தெரியும் மரபுவழி மனிதரில் மங்கலாகவே தெரியும்.

நியூசிலாந்துச் சுண்டெலிகள் கற்பித்த பாடம்

இத்துறையின் மையக் கதை நியூசிலாந்தின் டனீடின் நகரிலுள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கு மரியான் பீல்ஷோவ்ஸ்கி புற்றுநோய் ஆய்வுக்காக வளர்த்தெடுத்த கறுப்புச் சுண்டெலி வர்க்கம் ஒன்றில், தன் செங்குழியங்களையே அழிக்கும் குருதிச்சோகை தானாகத் தோன்றுவதை அவரும் ஹெலியர், ஹோவி ஆகியோரும் 1959 இல் வெளியிட்டனர். எவரும் ஊசி போடவில்லை, நஞ்சு கொடுக்கவில்லை. விலங்கு தன் உடலைத் தானே தாக்கியது. தானாகவே தோன்றும் தன்னுடல் தாக்குநோய்க்கு ஆய்வாளர் கையில் கிடைத்த முதல் விலங்கு மாதிரி இதுவே.

அடுத்து நடந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. இந்தக் கறுப்பு வர்க்கத்தை நியூசிலாந்து வெள்ளை வர்க்கத்துடன் கலந்தபோது பிறந்த முதல் தலைமுறைக் குட்டிகளில் கடுமையான சிறுநீரக அழற்சி தோன்றுவதை ஹெலியரும் ஹோவியும் 1963 இல் அறிவித்தனர். கறுப்புப் பெற்றோரில் குருதிச்சோகையே முதன்மை. சிறுநீரக நோய் மிதமானது. வெள்ளைப் பெற்றோரோ ஏறக்குறைய நலமாகவே வாழ்கிறது. பிள்ளைகளில் மட்டும் மனித லூபஸை ஒத்த உயிர்க்கொல்லிச் சிறுநீரக நோய் முழு வடிவில் வெளிப்பட்டது. பெண் விலங்குகளில் பாதி ஏறத்தாழ எட்டு மாதங்களில் இறக்க, ஆண்களில் பாதி இறப்பதற்கு ஓராண்டுக்கு மேலாகிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவுகளை வரிசைப்படுத்தலாம்.

1. நோயில்லாத பெற்றோரும் நோய்க்கான மரபணுக்களைத் தரலாம். வெள்ளைச் சுண்டெலியின் 17 ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள, நோயெதிர்ப்புக் கலங்களுக்குப் பொருள்களை எடுத்துக்காட்டும் மரபணுத் தொகுதி, கறுப்புச் சுண்டெலியின் தொகுதியுடன் சோடி சேரும்போதே சிறுநீரக நோய் தீவிரமடைகிறது. மனிதக் குடும்பத்தில் "எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே" என்ற வியப்புக்கு இது ஓரளவு விடை தருகிறது.

2. ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட அக்காவும் தம்பியும் ஒரே வேகத்தில் நோயுறுவதில்லை. 1970 களின் பிற்பகுதியில் நடந்த சோதனைகளில், விதை நீக்கப்பட்ட ஆண் விலங்குகள் விரைவில் இறந்தன. ஆண் ஓமோன் கொடுக்கப்பட்ட பெண் விலங்குகள் நீண்ட நாள் வாழ்ந்தன.

3. உணவும் நோயின் போக்கை மாற்றுகிறது. உணவின் சக்தி அளவு குறைக்கப்பட்ட இவ்விலங்குகளின் ஆயுள் கணிசமாக நீண்டதை ராபர்ட் குட் குழுவினர் 1970 களிலேயே காட்டினர். மரபணு அப்படியே இருந்தது, விதி மட்டும் மாறியது.

4. பரம்பரையாக வந்த குறை சிறுநீரகத்தில் இல்லை, எலும்பு மச்சையில் இருக்கிறது. கறுப்புச் சுண்டெலியின் எலும்பு மச்சையை இழையப் பொருத்தமுள்ள நலமான வர்க்கத்துக்கு மாற்றியபோது, கலக் கருவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் பெற்றுக்கொண்ட விலங்கில் தோன்றியதாக 1974 இல் மோர்ட்டனும் சீகலும் வெளியிட்டனர். சிறுநீரகம் இந்நோயில் காயப்படும் இடமே தவிரக் காயம் புறப்படும் இடம் அன்று.

இச்சுண்டெலிகளால் விளைந்த நன்மை ஆய்வுக் கட்டுரைகளோடு நிற்கவில்லை. 1966 இல் மெல்பேர்ண் நகரில் மக்ஃபார்லேன் பேர்னெட்டும் அவருடன் பணியாற்றியோரும் சைக்கிளோபொஸ்பமைட் மருந்து இந்தச் சுண்டெலிகளின் சிறுநீரக நோயைக் கட்டுப்படுத்துவதைக் காட்டினர். அதே மருந்து பின்னர் மனித லூபஸ் சிறுநீரக அழற்சிக்கான முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்றாகி, பல்லாயிரம் இளம் பெண்களை இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து காத்தது. விலங்குச் சோதனை பற்றிய விவாதத்தில் இந்த உண்மைக்கும் இடம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரே விகாரம், வெவ்வேறு விளைவு

மரபணுவில் ஏற்படும் மாற்றத்துக்கு விகாரம் என்று பெயர். ஒரு விகாரம் இருந்தால் ஒரு நோய் வரும் என்ற எளிய எண்ணத்தை இத்துறை பலமுறை உடைத்திருக்கிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் 1970 களில் மர்ஃபியும் ரொத்ஸும் கண்டெடுத்த எம்ஆர்எல் வர்க்கத்தில், எல்பிஆர் என்ற விகாரம் உள்ள விலங்குகளின் நிணநீர்க்கணுக்கள் பெரிதும் வீங்கிச் சில மாதங்களிலேயே சிறுநீரக அழற்சியால் அவை இறக்கின்றன. வேலை முடிந்த நோயெதிர்ப்புக் கலங்களுக்குச் "செத்துப் போ" என்று கட்டளையிடும் ஃபாஸ் என்ற மரபணுவே இங்கு பழுதடைந்தது என்று 1992 இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. அப்படியானால் ஃபாஸ்தான் லூபஸின் மரபணு என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே விகாரத்தைப் பி6 என்று சுருக்கமாக அழைக்கப்படும், ஆய்வுகூடங்களில் பொதுவான வேறொரு கறுப்பு வர்க்கத்துக்குள் கலப்பின் மூலம் கொண்டுசென்றால், பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன, சிறுநீரகமோ பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மனிதரில் ஃபாஸ் விகாரம் உள்ளோர் 1995 இல் அடையாளம் காணப்பட்டபோதும் அவர்களிடம் முதன்மையாகக் காணப்பட்டது நிணநீர்க்கணு வீக்கமும் குருதிக் கலக் குறைவுமே.

பிஎக்ஸ்எஸ்பி என்ற வர்க்கத்தில் நிலைமை தலைகீழ்: அங்கே ஆண்களே விரைவில் இறக்கின்றன. காரணம், எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்க வேண்டிய டிஎல்ஆர்7 என்ற மரபணுவின் ஒரு பிரதி வை நிறமூர்த்தத்துக்கு இடம்பெயர்ந்து, ஆண் விலங்கு இரட்டைப் பங்கு பெற்றுவிடுகிறது என்று 2006 இல் இரண்டு குழுக்கள் காட்டின. வை நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. ஆகவே இந்த நோய்த் துரிதம் தந்தைவழியே மட்டும் இறங்குகிறது. இதே மரபணுவில் செயலைக் கூட்டும் விகாரம் ஒன்று இளம் வயதில் லூபஸுக்கு ஆளான ஒரு சிறுமியிடம் இருந்தமை 2022 இல் வெளியானது. சுண்டெலியும் மனிதரும் ஒரே புள்ளியில் சந்தித்த அரிய இடம் இது.

மரபணுக்கள் எவ்வாறு கூடி வேலை செய்கின்றன என்பதை மிகத் தெளிவாகக் காட்டியவர்கள் மொரெலும் வேக்லண்டும் ஆவர். 1990 களில் அவர்கள் நியூசிலாந்துக் கலப்பிலிருந்து வந்த ஒரு வர்க்கத்தின் மூன்று நிறமூர்த்தத் துண்டுகளைப் பிரித்தெடுத்து, நலமான பி6 வர்க்கத்துக்குள் ஒவ்வொன்றாகச் செலுத்தினர். முதல் துண்டு மட்டும் இருந்தால் பிறபொருளெதிரிகள் தோன்றின, சிறுநீரகம் பெரிதாகக் கெடவில்லை. முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தபோது உயிர்க்கொல்லிச் சிறுநீரக நோய் வந்தது. வெள்ளைச் சுண்டெலியிடம் நோயை அடக்கும் துண்டுகளும் இருப்பதாக அவர்கள் கண்டனர். ஆபத்தைத் தரும் பரம்பரையும் காப்பைத் தரும் பரம்பரையும் ஒரே உடலில் இருக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும். 1998 இல், சி1கியூ என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினுக்குச் சிறுநீரக அழற்சி தோன்றியதாக மரினா பொட்டோ குழுவினர் வெளியிட்டனர். ஆனால் சோதனைக்குப் பயன்பட்ட இரு வர்க்கங்களின் கலப்பே, எந்த மரபணுவும் நீக்கப்படாதபோதும், தன்னுடல் தாக்கும் பிறபொருளெதிரிகளைத் தோற்றுவிக்கக்கூடியது என்று அதே ஆய்வாளரையும் உள்ளடக்கிய குழு 2004 இல் காட்டியது. "இன்ன மரபணுவை நீக்கினோம், இன்ன நோய் வந்தது" என்ற செய்தியைப் படிக்கும்போது, விலங்கின் பின்னணி வர்க்கம் எது என்று கேட்காமல் முடிவுக்கு வரக்கூடாது. சி1கியூ இல்லாமல் பிறக்கும் மனிதரில் பெரும்பாலோருக்கு லூபஸ் வருவதால் அந்த மரபணுவின் முக்கியத்துவம் குறையவில்லை. அளவிடுவதில்தான் கவனம் வேண்டும்.

மரபணு இல்லாமலும் குழந்தைக்குச் செல்லும் நோய்

பிறக்கும்போதே இருப்பதெல்லாம் பரம்பரை அன்று. பொதுமக்கள் அதிகம் குழம்பும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தாயின் ஐஜிஜி வகைப் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தைக் கடந்து குழந்தையைச் சேர்கின்றன. பிறந்து சில மாதங்கள் குழந்தையைத் தொற்றுகளிலிருந்து காப்பவை இவையே. எலிகளிலும் சுண்டெலிகளிலும் இது கருப்பையோடு முடிவதில்லை. பிறந்த பின்னும் ஏறத்தாழ மூன்று வாரம் தாய்ப்பாலிலுள்ள பிறபொருளெதிரிகள் குட்டியின் குடலால் உறிஞ்சப்படுகின்றன. தாயிடம் தன்னுடலைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் இருந்தால் அவையும் இதே வழியில் செல்லும்.

பிறபொருளெதிரி மட்டுமே சிறுநீரகத்தைக் கெடுக்கப் போதுமா? போதும் என்பதற்கு எலிகளே சான்று. வால்டர் ஹேமான் 1959 இல் எலிகளில் உருவாக்கிய சிறுநீரக நோயை, சிறுகுழாய்ப் பொருளுக்கு எதிரான பிறபொருளெதிரியை ஊசி மூலம் ஏற்றுவதாலேயே நலமான எலியிலும் சில நாள்களில் உண்டாக்க முடிகிறது. இதன் மனித வடிவம் 2002 இல் பாரிஸ் நகர ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. பிறக்கும்போதே சிறுநீரில் புரதம் கொட்டிய ஒரு குழந்தையின் தாய், எல்லோரிடமும் உள்ள ஒரு நொதியம் தன்னிடம் இல்லாதவராக இருந்தார். முந்தைய கர்ப்பத்தில், தகப்பன்வழியாகக் கருவுக்கு வந்த அந்த நொதியத்தை அவருடைய உடல் அந்நியமாகக் கருதிப் பிறபொருளெதிரி உண்டாக்கியிருந்தது. அது அடுத்த குழந்தையின் கலன்கோளத்தைத் தாக்கியது. தாயின் பிறபொருளெதிரியை முயல்களுக்குச் செலுத்தியபோது அதே வகை நோய் உண்டானது. குழந்தையிடம் இருந்ததோ தாயின் பிறபொருளெதிரி. அது காலப்போக்கில் கரைந்துபோவது.

மனித லூபஸில் இவ்வகைக் கடத்தலின் கூடுதல் பரிச்சயமான வடிவம், ரோ என்ற புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி உள்ள தாய்மாரின் குழந்தைகளில் காணப்படுகிறது. தோலில் தோன்றும் சிவந்த படைகள் தாயின் பிறபொருளெதிரி மறையும் ஆறு எட்டு மாதங்களில் மறைகின்றன. ஏறத்தாழ 2 சதவீதக் குழந்தைகளில் இதயத் துடிப்பைக் கடத்தும் இழையம் பாதிக்கப்படுகிறது. அந்தத் தழும்பு மட்டும் நிலைத்துவிடுகிறது.

பெற்ற நோய் பேரப்பிள்ளைக்கும் இறங்குமா

பெற்றோர் வாழ்நாளில் பெற்ற மாற்றம், மரபணு வரிசை மாறாமலேயே சந்ததிக்குச் செல்லும் என்ற கூற்று பழையது. 1920 ஐ ஒட்டி விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கையரும் ஸ்மித்தும், கண் வில்லைக்கு எதிரான பிறபொருளெதிரிகளைச் சினை முயல்களுக்குச் செலுத்தியபின் குறைக்கண் குட்டிகள் பிறந்ததாகவும் அக்குறை தந்தைவழியாகவும் பல தலைமுறைக்குத் தொடர்ந்ததாகவும் எழுதினர். வேறு ஆய்வாளர் அதே சோதனையைச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 1980 இல் கொர்சின்ஸ்கியும் ஸ்டீலும், ஆண் சுண்டெலிக்குச் செயற்கையாக ஏற்படுத்தப்பட்ட நோயெதிர்ப்புச் சகிப்பு (அந்நிய இழையத்தைத் தாக்காமல் ஏற்கும் தன்மை) அதன் குட்டிகளுக்கும் சென்றதாக வெளியிட்டனர். 1981 இல் பிரென்ட், மெடவர் ஆகியோரின் குழு திரும்பச் செய்து பார்த்தபோது அதுவும் கிடைக்கவில்லை. பேர்னெட்டும் மெடவரும் 1960 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தது இந்தச் சகிப்பு பற்றிய கண்டுபிடிப்புக்காகவே என்பதால், அந்த மறுப்புக்குத் தனிக் கனம் இருந்தது.

இத்தகைய கூற்றைச் சோதிக்கும் முறைகள் உள்ளன. சுண்டெலி பற்றிய செய்தி ஒன்றைப் படிக்கும் எவரும் இவற்றைக் கேள்விகளாக வைத்துக்கொள்ளலாம்.

1. தாயும் தந்தையும் மாற்றிக் கலக்கப்பட்டனரா? நோயுற்ற தாய்க்குப் பிறந்தவை மட்டும் பாதிக்கப்பட்டு, நோயுற்ற தந்தைக்குப் பிறந்தவை தப்பினால், கருப்பையையோ பாலையோ முதலில் ஐயுற வேண்டும்.

2. பிறந்தவுடன் குட்டிகள் நலமான செவிலித்தாயிடம் வளர்க்கப்பட்டனவா? பாலின் பங்கை இது பிரிக்கும்.

3. முளையம் நலமான வர்க்கத்தின் கருப்பைக்கு மாற்றப்பட்டதா? இதுவே மிக வலுவான சோதனை. சிறுநீரகத்தில் அல்லாவிடினும், தன்னுடல் தாக்கும் நீரிழிவு வரும் என்ஓடி சுண்டெலிகளில் இதைச் செய்தபோது, தாயின் பிறபொருளெதிரிகள் இல்லாமல் வளர்ந்த குட்டிகள் பெரிதும் நோயிலிருந்து தப்பின என்று 2002 இல் வெளியானது. முழுக்க மரபணு நோய் என்று கருதப்பட்ட ஒன்றிலேயே தாயின் பங்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

4. எத்தனையாவது தலைமுறை வரை பார்க்கப்பட்டது? சினைத் தாய்க்கு ஏற்பட்ட நோய், வயிற்றிலுள்ள குட்டியையும் அக்குட்டியினுள் உருவாகிக்கொண்டிருக்கும் முட்டைகளையும் நேரடியாகத் தொடுகிறது. ஆகவே பேரக்குட்டி வரை தெரியும் விளைவைக்கூடப் பரம்பரை என்று கொள்ள இயலாது. அதற்கும் அடுத்த தலைமுறையில் தெரிந்தால்தான் கூற்று நிற்கும்.

மரபணு வரிசை மாறாமல் மரபணுவின் இயக்கம் மட்டும் மாறுவது, அதாவது மேல்மரபியல் மாற்றம், உண்மையான நிகழ்வே. மரபணு இயக்கத்தைக் கட்டுப்படுத்தும், டிஎன்ஏயின் மீதுள்ள மீதைல் குறிகளைக் குறைக்கும் மருந்தால் பதப்படுத்திய ரி-கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களைச் சுண்டெலிக்கு மாற்றியபோது லூபஸை ஒத்த சிறுநீரக அழற்சி தோன்றியது 1993 இல் காட்டப்பட்டது. ஆனால் அந்த மாற்றம் இருந்தது ரி-கலத்தில். விந்திலோ முட்டையிலோ அன்று. "மேல்மரபியல் மாற்றம்" என்ற சொல்லைக் கண்டவுடன் பேரப்பிள்ளைக்கும் இறங்கும் என்று செய்தி எழுதுவது இந்த வேறுபாட்டைத் தாண்டிக் குதிப்பதாகும். தன்னுடல் தாக்கும் சிறுநீரக நோய், மரபணு வரிசையின் துணையின்றித் தலைமுறை தலைமுறையாக இறங்கியதற்கு உறுதியான விலங்குச் சான்று இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன்.

நிலைத்து நிற்கும் தாய்வழி விளைவு வேறொன்று உண்டு. சிறுநீரகத்திகளின் எண்ணிக்கை மனிதரில் பிறப்புக்கு முன்பே, ஏறத்தாழ 36 ஆம் வாரத்துக்குள், நிறைவடைகிறது. பின்னர் புதியவை உருவாவதில்லை. கர்ப்பகாலத்தில் புரதம் குறைத்து ஊட்டப்பட்ட எலிகளின் குட்டிகள் குறைந்த சிறுநீரகத்திகளோடு பிறந்து பின்னர் உயர் குருதியமுக்கத்துக்கு ஆளாகின்றன. சிறுநீரக நோயுள்ள தாய்க்குக் குறைமாதத்திலோ நிறை குறைந்தோ குழந்தை பிறக்கும் வாய்ப்புக் கூடுதலாக இருப்பதால், தன்னுடல் தாக்கும் மரபணு எதையும் பெறாத பிள்ளையும் குறைந்த கையிருப்போடு வாழ்வைத் தொடங்கக்கூடும். இதைத் தடுக்கும் வழி தாயின் நோயைக் கர்ப்பத்துக்கு முன்பே அடக்கி வைப்பது.

பரம்பரையும் சூழலும் சந்திக்கும் இடம்

பிரவுண் நோர்வே என்ற எலி வர்க்கத்துக்குச் சிறு அளவில் இரசக் (பாதரசக்) குளோரைட்டு கொடுத்தால் தன்னுடல் தாக்கும் சிறுநீரக நோய் வருகிறது. லூயிஸ் என்ற வர்க்கத்துக்கு அதே அளவு கொடுத்தால் வருவதில்லை. இரசம் இல்லாமல் பிரவுண் நோர்வே எலிக்கும் அந்த நோய் இல்லை. ஆக, மரபணு மட்டும் காரணமும் அன்று, நஞ்சு மட்டும் காரணமும் அன்று. இரண்டும் கூடும் இடத்தில் நோய் பிறக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது தொலைவான செய்தி அல்ல. இரசம் கலந்த தோல் வெளுக்கும் பூச்சுகளைப் பயன்படுத்தியோரிடம், சிறுநீரில் புரதம் கொட்டும் ஒருவகைக் கலன்கோள நோய் காணப்பட்டதைக் கேரள மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் அறிவித்தனர். இரசம் சேர்ந்த பாரம்பரிய மருந்துகளுக்கும் அதே நோய்க்கும் உள்ள தொடர்பை வேலூரிலிருந்து வந்த ஆய்வு சுட்டியது. ஒரே பூச்சைப் பூசும் தாய்க்கும் மகளுக்கும் ஒரே நோய் வந்தால், அதைப் பரம்பரை என்று எண்ணிக் கைவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு: பூச்சை நிறுத்தியவுடன் பலரில் நோய் தணிகிறது.

மனித இரட்டையரிடமிருந்தும் இதே பாடம் கிடைக்கிறது. மரபணு முழுதும் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு சோடியில் மட்டுமே என்று 1992 இல் வெளியான ஆய்வு கண்டது. ஒத்திராத இரட்டையரில் அது 2 சதவீத அளவே. மரபணுவின் பங்கு பெரிது என்பதை முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் சேர்ந்து காட்டுகின்றன. மரபணு ஒன்றாயிருந்தும் நான்கில் மூன்று பேர் தப்புகின்றனர் என்பதையும் அதே முதல் எண் காட்டுகிறது.

திருகோணமலைக் குடும்பங்களுக்கு இதன் பொருள்

முதலில் பிரிக்க வேண்டியது, வடமத்திய மாகாணத்தில் 1990 களில் அடையாளம் காணப்பட்டு நம் மாவட்டத்தின் எல்லைப் பகுதிகளிலும் உள்ள காரணம் அறியப்படாத நோயை. அந்நோயாளிகளின் சிறுநீரகத் துணுக்கை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பழுது சிறுகுழாய்களிலும் அவற்றைச் சூழ்ந்த இழையத்திலும் தெரிகிறது. கலன்கோளத்தில் பிறபொருளெதிரிப் படிவு பொதுவாகக் காணப்படுவதில்லை. அதாவது, இக்கட்டுரையில் இதுவரை பேசிய சுண்டெலிகளின் நோய் அது அன்று. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, பார உலோகங்கள், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரிழந்து உழைத்தல் ஆகியவை காரணங்களாக ஆராயப்பட்டு வருகின்றன. எஸ்எல்சி13ஏ3 என்ற மரபணுவுடன் தொடர்பு இருப்பதாக 2014 இல் ஒரு கூட்டாய்வு சொன்னபோதும், அது எளிதில் பாதிக்கப்படும் தன்மையைப் பற்றிய கூற்றே. ஒரே வயலில் இறங்கி ஒரே கிணற்றில் குடிக்கும் தகப்பனும் மகனும் நோயுறும்போது, நியூசிலாந்துச் சுண்டெலியைக் காட்டிப் "பரம்பரை" என்று முடிவுகட்டுவது நீரைச் சோதிக்க வேண்டிய கடமையிலிருந்து எல்லோரையும் விடுவித்துவிடும். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

லூபஸ் உள்ள பெண்களின் நிலை வேறு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏனையோரைவிடக் கூடியதே. ஆயினும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. திருமணத்தையோ தாய்மையையோ மறுக்க இது காரணமாகாது. கர்ப்பத்தைத் திட்டமிட்டு, குறைந்தது ஆறு மாதமாவது நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பதே மருத்துவர் கூறும் வழி. லூபஸுக்குக் கொடுக்கப்படும் ஐதரொக்சிகுளோரோகுயின் மாத்திரையைக் கர்ப்பகாலத்தில் தாமாக நிறுத்தக்கூடாது. சைக்கிளோபொஸ்பமைட், மைக்கோபினோலேற்று போன்ற மருந்துகளைக் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவர் மாற்ற வேண்டும். ரோ பிறபொருளெதிரிப் பரிசோதனை கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே செய்யப்பட வேண்டும். அது இருப்பின் ஏறத்தாழ 16 முதல் 26 ஆம் வாரம் வரை குழந்தையின் இதயத் துடிப்பை அலகீட்டின் (ஸ்கேன்) மூலம் கவனிப்பது வழக்கம்.

நலமாக இருக்கும் பிள்ளைகளுக்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை. லூபஸ் வருமா என்று சொல்லக்கூடிய தனி மரபணுப் பரிசோதனை எதுவும் இல்லை. ஐந்தாறு வயதுக்குள்ளேயே லூபஸ் தொடங்கிய குழந்தைகள் இதற்கு விலக்கு, ஏனெனில் அவர்களிடம் சி1கியூ, டிஎல்ஆர்7 போன்ற தனி மரபணுப் பழுது இருக்கக்கூடும். மற்றையோருக்கு ஆண்டுக்கொருமுறை குருதியமுக்கமும், சிறுநீரில் புரதமும் குருதியும் உண்டா என்ற எளிய சோதனையும் போதும். முகத்தில் படை, மூட்டு வலி, கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் காத்திருக்கக் கூடாது.

இந்தப் பிரிப்பு எதுவும் நோயின் பெயர் தெரியாமல் நடவாது. சிறுநீரகத் துணுக்குப் பரிசோதனை செய்யப்பட்ட ஒவ்வொரு நோயாளியின் குடும்பமும் அந்த அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். கலன்கோளமா சிறுகுழாயா, பிறபொருளெதிரிப் படிவு உண்டா இல்லையா என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். தாய்க்கு இருந்தது மகளுக்கு வருமா என்று பின்னொரு நாளில் மருத்துவரிடம் கேட்கும்போது, அவர் முதலில் பார்க்க விரும்புவது அந்தத் தாளையே.